மீசைக் கெண்டைக்கு எந்த ராடு என்று கேட்ட மாப்பிள்ளைக்கு

மே மாதம் பிறந்ததிலிருந்து மனைவியின் தம்பி என்னை விடுவதாக இல்லை. "மாமா, எந்தத் தூண்டில் ராடு வாங்கட்டும்? ரெண்டு பார்த்து வெச்சிருக்கேன், ஒண்ணு விலை அறுபது பவுண்டு, இன்னொண்ணு நூத்தி நாப்பது, லிங்க் அனுப்பவா?" போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா பொழுது போகட்டும் என்று இங்கே இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமுக்குக் கீழே டிரென்ட் ஆற்றங்கரைக்கு அவனை அழைத்துப் போயிருந்தேன். இருட்டுகிற நேரத்தில் ஏழு பவுண்டு எடையில் ஒரு பார்பல், அதாவது மீசைக் கெண்டை, வந்தது. வலையில் கிடந்த அதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தவன் ஐந்து நிமிஷம் வாயே திறக்கவில்லை. அவன் அப்படிப் பேசாமல் நின்று நான் பார்த்ததே கிடையாது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது, சரி, இங்கேயே போட்டுவிடுகிறேன், இதே கேள்வியோடு வேறு யாராவது இருந்தாலும் ஆகும்.

மாப்ள, முதல் பதில் இதுதான்: ராடு கடைசி. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பார்பல் நம் கெண்டைக் குடும்பத்து மீன்தான். மேலுதட்டில் நான்கு மீசை, இரண்டு மூக்கு நுனியில், இரண்டு வாயோரத்தில். வாய் கீழ்நோக்கித் திறக்கும். வயிறு தட்டை, உடம்பு நீண்டு உருண்டது, துடுப்புகள் அகலம். தண்ணீர் மேலே அழுத்த அழுத்தத் தரையோடு இன்னும் ஒட்டிக்கொள்கிற உடம்பு. அந்த உடம்பைப் பார்த்தாலே பாதித் தொழில் விளங்கிவிடும். இது தரையிலேயே வாழ்ந்து, தரையிலேயே தின்று, கண்ணைவிட மீசையையும் மூக்கையும் நம்பிப் பிழைக்கிற மீன். சரளைக்கல் பரவிய, தண்ணீர் நன்றாக ஓடுகிற, காற்றோட்டமான ஆறுதான் அதற்குப் பிடிக்கும். பனியுகம் முடிந்த காலத்தில் இங்கிலாந்து இன்னும் ஐரோப்பாவோடு நிலத்தால் ஒட்டியிருந்தது, கிழக்கே பாயும் ஆறுகள் ரைன் நதியோடு கலந்திருந்தன, அந்த வழியில் வந்து தங்கிய மீன் இது. அதனால்தான் தேம்ஸ், டிரென்ட், யார்க்‌ஷயர் ஆறுகளில் இது மண்ணின் மைந்தன், மேற்கே பாயும் செவர்னில் ஆதியில் கிடையாது. அங்கே 1956-இல் கென்னட் ஆற்றிலிருந்து பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். இன்றைக்கு செவர்னிலும் வை ஆற்றிலும் பார்பல் பிடிக்கவே ஆட்கள் ஊர் ஊராகக் கிளம்பிப் போகிறார்கள்.

நம்ம டிரென்ட் கதை வேறு மாதிரி. தொழிற்சாலைக் கழிவில் நாறிக்கிடந்த ஆறு இது. கரையெங்கும் நிலக்கரி மின்நிலையங்கள். அவை விட்ட வெந்நீருக்காகக் குளிர்காலத்தில் மீன்களும் மீன் பிடிக்கிறவர்களும் ஒரே இடத்தில் கூடுவார்களாம். அந்த வரிசையில் கடைசியாக நின்ற ராட்க்ளிஃப் நிலையத்தையும் 2024 செப்டம்பர் 30-இல் மூடிவிட்டார்கள். ரயிலில் போகும்போது நீ ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாய், அந்தப் பெரிய கூம்புகள். இப்போது தண்ணீர் சுத்தமாகிவிட்டது, பார்பல் பெருத்துவிட்டது. இங்கே பத்து பவுண்டைத் தாண்டினால்தான் அது பேசத்தக்க மீன், 'டபுள்' என்பார்கள். 2006-இல் கிரேட் ஊஸ் ஆற்றில் 21 பவுண்டு 1 அவுன்ஸில் ஒன்று வந்தது. என் கணக்கில் பெரியது 11 பவுண்டு 4 அவுன்ஸ், அதை நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று உன் அக்காவைக் கேள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முதல் இரண்டு சீசன் ஒன்றுமே கிடைக்காமல் போனதற்கு ராடு காரணமில்லை, இரையும் காரணமில்லை. தரை எப்படி இருக்கிறது என்று தெரியாமலேயே போட்டுக்கொண்டிருந்தேன். ஆறு மேலே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கீழே ஒரு கெஜம் சரளை, அடுத்த கெஜம் சேறு, அதை ஒட்டி ஒரு பள்ளம், பள்ளத்தின் ஓரத்தில் நீர்க்கொடிப் புதர். பார்பல் இதில் ஏதோ ஓர் ஓரத்தில் வரிசையாகப் படுத்திருக்கும், இரண்டு கெஜம் தள்ளி உன் இரை கிடந்தால் அதற்கு உன்னைத் தெரியவே தெரியாது.

அதனால் கரைக்குப் போனதும் முள் கட்டாதே. வெறும் எடைக் குண்டை மட்டும் தூண்டில் நரம்பில் கட்டி வீசு. குண்டு தண்ணீரில் விழுந்ததும் நரம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இறங்கவிடு. தரையைத் தொடும்போது ராடு நுனி 'டொக்' என்று உதறினால் கீழே கல். மெத்தென்று நின்றால் சேறு. அப்புறம் மெதுவாக இழு. டக், டக், டக் என்று விரலுக்குத் தட்டிக்கொண்டே வந்தால் சரளை, வழவழவென்று வந்தால் மணல், கனத்துப்போய் இழுத்துப் பிடித்து விட்டால் நீர்க்கொடி. சரளை முடிந்து நீர்க்கொடி தொடங்குகிற அந்த விளிம்பு, வேகமாக ஓடும் தண்ணீரும் மந்தமான தண்ணீரும் உரசுகிற அந்தக் கோடு, வில்லோ மரக்கிளை தாழ்ந்து தண்ணீரில் படுகிற நிழல், தடுப்பணைக்குக் கீழே நுரைத்து ஓடுகிற இடம், இவற்றில் இரண்டு ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கே உட்கார். இந்த வேலைக்கு அரை மணி நேரம் போகும். அந்த அரை மணி நேரத்தில் பக்கத்துக் கரைக்காரர் மூன்று தடவை இரை மாற்றியிருப்பார், கவலைப்படாதே. கோடையில் சின்ன ஆறுகளில் தண்ணீர் தெளிந்திருந்தால் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு கரையோரம் மெல்ல நட. சரளையில் மேயும்போது மீன் சட்டென்று ஒருக்களித்துத் திரும்பும், அடியில் யாரோ கண்ணாடித் துண்டைக் காட்டி மறைப்பது போல ஒரு மின்னல். அதைப் பார்த்துவிட்டால் குண்டு வீசும் வேலையே மிச்சம்.

கட்டுமானம் ரொம்ப எளிமை. மெயின் நரம்பில் ஒரு வளையம், அந்த வளையத்தில் குண்டோ ஃபீடரோ (இரை அடைத்து வீசும் சின்னக் கூடு) தொங்கும், அது நரம்பில் தாராளமாக ஓட வேண்டும். அதற்குக் கீழே ஒரு ரப்பர் மணி, அப்புறம் ஸ்விவல் என்கிற சுழலும் இணைப்பு, ஸ்விவலிலிருந்து துண்டு நரம்பு, அதன் நுனியில் முள். குண்டை ஒரே இடத்தில் கெட்டியாக முடிந்து வைக்கிறவர்கள் உண்டு, அதைச் செய்யாதே. எங்கேயாவது சிக்கி நரம்பு அறுந்தால் மீன் அந்தக் குண்டை இழுத்துக்கொண்டு அலையும், மறுபடி எதிலாவது மாட்டினால் அங்கேயே செத்துப்போகும். ஓடுகிற வளையமாக இருந்தால் அறுந்த நரம்பு அதனுள்ளே உருவிக்கொண்டு போய்விடும், மீன் முள்ளோடு மட்டும் தப்பிக்கும். வளையத்தையும் குண்டையும் இணைக்கிற துண்டு மட்டும் மெயின் நரம்பைவிட மெல்லியதாக இருக்கட்டும். கல்லிடுக்கில் குண்டு மாட்டினால் அது முதலில் அறும், மீன் உன்னுடையது.

துண்டு நரம்பின் நீளம்தான் ஆளுக்கு ஆள் சண்டை போடும் சமாசாரம். தண்ணீர் கலங்கியிருந்தால் நான் ஒன்றரை, இரண்டு அடி வைப்பேன். கோடையில் தெளிந்த தண்ணீரில் நான்கு அடி, சில நாள் ஐந்து. குண்டும் மெயின் நரம்பும் இருக்கிற இடத்தைப் பார்பல் சந்தேகப்படும், இரை அங்கிருந்து தள்ளிக் கிடந்தால்தான் தைரியமாக வாய் வைக்கும் என்பது என் அனுபவம். முள் 8 அல்லது 10 சைஸ், கம்பி தடித்ததாக. எண் கூடக் கூட முள் சின்னது, இது உனக்குக் குழம்பும். மெல்லிய கம்பி முள் ஒன்றை ஒரு தடவை பார்பல் நிமிர்த்தி நேராக்கி அனுப்பியது, ஊசி மாதிரி ஆகிவிட்டது, இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன். பல கிளப்புகளில் எதிர்முள் இல்லாத முள்தான் போட வேண்டும், உள்ளே போகுமுன் விதிப் பலகையைப் படி.

இரையை முள்ளில் குத்தாதே, முள்ளுக்கு வெளியே தொங்கவிடு. ஹேர் ரிக் என்பது அதுதான். 1980-ஐ ஒட்டி இங்கிலாந்தில் கெவின் மேடக்ஸ், லென்னி மிடில்டன் என்ற இரண்டு பேர் கார்ப் மீனுக்காகக் கண்டுபிடித்தது, முதலில் நிஜமாகவே தலைமுடியில்தான் கட்டிப் பார்த்தார்கள், பெயர் அப்படி வந்தது. கட்டுவது இப்படி: துண்டு நரம்பின் நுனியில் குண்டூசித் தலை நுழையும் அளவுக்குச் சின்னக் கண்ணி போடு. இரையை ஊசியால் கோத்து அந்தக் கண்ணிக்கு ஏற்றிப் பார், இரைக்கும் முள் வளைவுக்கும் நடுவே அரை விரல்கடை இடைவெளி இருக்கட்டும். அந்த அளவிலேயே நரம்பை முள் தண்டோடு சேர்த்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடி. மீதி நரம்பை முள்ளின் காதுக்குள் நுழைத்திருப்பாய் இல்லையா, அதைத் தண்டைச் சுற்றிக் கீழ்நோக்கி ஏழெட்டுச் சுற்று நெருக்கமாகச் சுற்று, அப்புறம் முதலில் நுழைத்த அதே பக்கத்திலிருந்து மறுபடி காதுக்குள் விட்டு, எச்சில் தொட்டு இழு. முடிந்தது. எச்சில் தொடாமல் இழுத்தால் நரம்பு சூடேறிப் பலமிழக்கும். முதல் பத்து கோணலாக வரும். டிவி பார்த்துக்கொண்டே கட்டு.

ஏன் இந்தப் பாடு என்றால், பார்பல் இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பும். முள்ளில் குத்திய இரை கனமாக, விறைப்பாக இருக்கும், உடனே தெரிந்துவிடும். தொங்கும் இரை சாதாரணமாக உள்ளே போகும், துப்பும்போது முள் உதட்டில் மாட்டும், அப்புறம் குண்டின் எடை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

குண்டைப் பற்றி ஒன்று. இங்கே 1987 முதல் சின்ன ஈயக் குண்டுகளுக்குத் தடை, அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன. தூசு மாதிரியான மிகச் சிறிய ஷாட்டைத் தவிர, 28.35 கிராம் வரை, அதாவது ஓர் அவுன்ஸ் வரை ஈயம் கூடாது. டிரென்ட்டில் உனக்கு இரண்டு முதல் நான்கு அவுன்ஸ் தேவைப்படும், அதற்கு ஈயம் செல்லும்.

இரைக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி. கடையில் போய் நின்றால் தலை சுற்றும், நூறு நிறத்தில் பாய்லி என்கிற இரை உருண்டை, நூறு வாசனையில் எண்ணெய். எனக்கு மூன்று போதும்: ஹெம்ப் விதை, ஹாலிபட் பெல்லட் என்கிற மீன் எண்ணெய்க் குளிகை, லஞ்சன் மீட் என்கிற டப்பா இறைச்சி.

ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியின் விதையேதான், பதறாதே, போதை ஒன்றும் கிடையாது, தூண்டில் கடையில் வாளி வாளியாக விற்கிறார்கள். முதல் நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் அரை மணி நேரம் வேகவை. கறுப்புத் தோல் வெடித்து உள்ளிருந்து வெள்ளை முளை எட்டிப்பார்க்கும்போது அடுப்பை அணைத்துவிடு, அதற்கு மேல் விட்டால் விதை ஓட்டைவிட்டு வெளியே வந்து மிதக்க ஆரம்பிக்கும், மிதக்கிற ஹெம்ப் உதவாது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதே, எண்ணெய் முழுக்க அதில்தான். வீடெல்லாம் ஈரச் சாக்கு வாசனை அடிக்கும், உன் அக்கா தோட்டத்துக்கு ஒரு கேம்பிங் அடுப்பு வாங்கித் தந்ததற்கு அன்பு காரணமில்லை. இந்த விதை முள்ளுக்கு இல்லை, தரையில் கொட்ட. ஒவ்வொன்றும் சின்னது, சரளை இடுக்கில் போய் உட்காரும், பார்பல் ஒரு மணி நேரம் அங்கேயே மூக்கால் கல்லைப் புரட்டிக்கொண்டிருக்கும். சின்ன ஆற்றில் பெய்ட் டிராப்பரில் நிரப்பி இறக்கு, தரையைத் தொட்டதும் மூடி திறந்து அங்கேயே கொட்டிவிடும். ஏழெட்டு டிராப்பர் போட்டுவிட்டு, இதுதான் உனக்குக் கஷ்டம், ஒரு மணி நேரம் முள்ளைத் தண்ணீரில் போடாதே. போய் டீ குடி. மீன் வந்து, பயம் தெளிந்து, ஒன்றோடொன்று போட்டி போட்டுத் தின்னும் நிலைக்கு வர வேண்டும். டிரென்ட் மாதிரி அகலமான ஆற்றில் டிராப்பர் எட்டாது, அங்கே ஃபீடரில் ஹெம்ப்பும் பெல்லட் பொடியும் அடைத்து முதல் ஒரு மணி நேரம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் வீசு. அதே இடம் என்றால் அதே இடம், எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொள், ரீல் கிளிப்பில் நரம்பை மாட்டித் தூரத்தையும் பூட்டிவிடு. ஆனால் ஒரு தடவை நரம்பைக் கிளிப்பிலேயே விட்டுவிட்டு மீன் அடித்தால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்காதே. குண்டு தரையில் உட்கார்ந்ததும் கிளிப்பை எடுத்துவிடு.

பெல்லட் கோடைக்கும் இலையுதிர் காலம் வரைக்கும் பிரமாதம், கடல் மீன் எண்ணெய் தண்ணீரில் கசிந்துகொண்டே இருக்கும். 8 மில்லிமீட்டரில் ஒன்றோ இரண்டோ, நண்டு மாதிரி சிக்னல் கிரேஃபிஷ் தொந்தரவு இருக்கிற ஆற்றில் 14 மில்லிமீட்டர் கெட்டிப் பெல்லட். தண்ணீர் குளிர்ந்ததும் எண்ணெய் கெட்டிப்பட்டு வாசனை நின்றுபோகும், அப்போது லஞ்சன் மீட். டப்பாவிலிருந்து எடுத்துக் கத்தியால் சதுரமாக வெட்டாதே, கையால் பிய்த்துப் போடு. கரடுமுரடான துண்டு தண்ணீரில் உருள்வது வேறு மாதிரி இருக்கும், சதுரத் துண்டை மீன்கள் நிறையப் பார்த்துவிட்டன. காய்ந்த சட்டியில் மூன்று நிமிஷம் வாட்டி, சூடாக இருக்கும்போதே மஞ்சள் தூளும் பூண்டுப் பொடியும் சீரகப் பொடியும் போட்டுக் குலுக்கி மூடிவை. வாட்டினால் மேலே ஒரு தோல் பிடிக்கும், ஹேரில் நிற்கும். இதை நான் ஏதோ நம்ம ஊர் ரகசியம் என்று நினைத்துப் பெருமையாகக் கரையில் ஒரு பெரியவரிடம் சொன்னேன், அவர் தன் டப்பாவைத் திறந்து காட்டினார், என்னுடையதைவிட மஞ்சள். கறிப் பொடி போடுவது இங்கே ரொம்பப் பழைய வழக்கமாம்.

வெள்ளம் வந்து ஆறு டீ நிறத்தில் ஓடும்போது எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், நீ கிளம்பு. தென்மேற்குக் காற்றோடு வெதுவெதுப்பான மழை பெய்து தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி ஏறினால், ஜனவரியில்கூடப் பார்பல் தின்னும். நான் பத்துப் பதினைந்து பவுண்டுக்கு வாங்கியதிலேயே அதிகம் உழைத்தது தெர்மாமீட்டர்தான். 6 டிகிரிக்குக் கீழே காட்டினால் வண்டியைத் திருப்பிவிடுவேன். வெள்ளத்தில் மீன் நடு ஆற்றில் நிற்காது, கரையோரம் உன் காலடியில் வந்துவிடும், பத்தடி தூரத்தில் மீட் துண்டையோ மண்புழுக் கொத்தையோ போடு. கரை வழுக்கும், தனியாகப் போகாதே.

சரி, ராடு. 12 அடி, 1.75 பவுண்டு டெஸ்ட் கர்வ். ராடு நுனியைப் பிடிக்கு நேர் குறுக்காக வளைக்க எவ்வளவு எடை வேண்டுமோ அதுதான் அந்த எண். சின்ன ஆறுக்கு 1.25 போதும், டிரென்ட் வெள்ளத்துக்கு 2-க்கு மேல் நல்லது, 1.75 நடுவில் எல்லாவற்றையும் சமாளிக்கும். ரீல் 4000 அல்லது 5000 சைஸ், ஃப்ரீஸ்பூல் உள்ளது, அதாவது மீன் இழுத்தால் நரம்பைத் தடையில்லாமல் ஓடவிடுகிற பெய்ட்ரன்னர் மாதிரி. நரம்பு 12 பவுண்டு தாங்கும் மோனோ, அதாவது ஒற்றை நைலான் இழை. அறுபது பவுண்டு விலையுள்ள ராடே போதும், நூற்று நாற்பதில் மீனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவ்வளவுதான், ராடு விஷயம் முடிந்தது.

ஃப்ரீஸ்பூல் ஏன் என்றால், இது கொத்துகிற மீன் இல்லை, பிடுங்குகிற மீன். முதலில் நுனி லேசாக இரண்டு தடவை ஆடும், அதற்குக் கையை நீட்டாதே, பெரும்பாலும் மீன் நரம்பில் உரசுகிறது. நிஜமாக எடுத்தால் ராடு ஸ்டாண்டிலிருந்தே வளைந்து ஆற்றைப் பார்த்துக் குனியும், ரீல் கத்தும். பூட்டிய ரீலோடு ராடை விட்டுவிட்டு ஃபிளாஸ்கைத் திறக்கப் போனவர்களின் ராடுகள் டிரென்ட் அடியில் நிறையக் கிடக்கின்றன. சின்ன ஆற்றில் நான் ஸ்டாண்டே வைப்பதில்லை. ராடைக் கையில் பிடித்து, நரம்பை ஆள்காட்டி விரல் மேல் போட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பேன். ஓடும் தண்ணீர் நரம்பில் ஒரே சீராக ரீங்காரம் போடும். இலை வந்து மாட்டினால் அது மெல்லக் கனக்கும். சப் மீன் வந்தால் சடக் சடக் என்று வெட்டும். பார்பல் இரையை வாயில் வைத்துச் சரளையில் நகரும்போது மட்டும் ஒரு கரகரப்பு வரும், தீப்பெட்டிப் பக்கத்தில் நகத்தால் மெதுவாக இழுத்தது போல, அது வந்த அடுத்த நொடி விரலிலிருந்து நரம்பு பறந்துபோகும்.

சட்டம் சுருக்கமாக: ஜூன் 16-க்கு முன் ஆற்றில் தூண்டில் போடக் கூடாது, மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மூடிய காலம், மீன் முட்டையிடும் நேரம். லைசென்ஸ் என்விரான்மென்ட் ஏஜென்சியிடம் ஆன்லைனில் வாங்கு, இல்லாமல் மாட்டினால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம். அது தவிரக் கரைக்கு உரிய கிளப்பின் டிக்கெட் தனி. "குழம்பு வைக்கலாமா மாமா" என்று அன்றைக்குக் கேட்டாய். 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பார்பலை எடுத்துப்போக அனுமதி இல்லை, அதன் சினையும் விஷம், வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். பிடிப்பது விடுவதற்குத்தான்.

இப்போது ராடு ஏன் கடைசி என்பதற்கு வருகிறேன். என் முதல் பார்பல் மூன்றாவது சீசனில் வந்தது, ஜூலை மாதம், டிரென்ட்டில் கலக்கும் ஒரு சின்ன ஆற்றில். மூன்று வாரமாக மழை இல்லை, தண்ணீர் முழங்காலளவு, வெதுவெதுவென்று இருந்தது. மெல்லிய நரம்பு வைத்திருந்ததால் பயந்து பயந்து இழுத்தேன், பதினைந்து நிமிஷம். இந்த மீன் விட்டுக்கொடுக்கத் தெரியாதது, கடைசி மூச்சு வரைக்கும் இழுக்கும், கரைக்கு வரும்போது அதனிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. அது எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்தது குளத்து மீனுக்கு வாங்கிய சின்ன வலை, பாதி உடம்புதான் உள்ளே போனது. பாய் இல்லை, புல்லிலேயே போட்டேன். போனில் நான்கு படம் எடுத்தேன், ஒன்று சரியில்லை என்று இன்னொன்று. அப்புறம் தண்ணீரில் விட்டேன், அது வாலை ஆட்டிப் போனது, எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பத்து கெஜம் தள்ளி அது மெதுவாகப் புரண்டது. வெள்ளை வயிறு மேலே. ஓட்டத்தோடு போக ஆரம்பித்தது.

நான் கரையோரம் ஓடினேன், முட்செடி, எட்டவில்லை. கீழே உட்கார்ந்திருந்த ஒரு வயதானவர் சத்தம் கேட்டு எழுந்து, இடுப்பளவு ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி, தன் பெரிய வலையை நீட்டி அதை வாங்கினார். திட்டவில்லை. மீனை நிமிர்த்தி, தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி வலைக்குள்ளேயே இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன். செவுள் திறப்பதே தெரியவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து மெல்லத் திறந்து மூடியது. "பிடித்துக்கொள், நான் தளர்ந்துவிட்டேன்" என்று என் கையில் கொடுத்தார். என் உள்ளங்கையில் அந்தத் தட்டை வயிறு, ஜில்லென்று. முன்னும் பின்னும் ஆட்டாதே, சும்மா பிடி, தண்ணீர் தானாக ஓடும் என்றார். இருபது நிமிஷம் இருக்கும். ஒரு கட்டத்தில் மீன் என் கைக்குள் இறுகியது, சதை கெட்டிப்பட்டது நன்றாகத் தெரிந்தது, அப்புறம் வாலால் என் மணிக்கட்டில் ஓர் அடி அடித்துவிட்டு நேராகத் தரைக்குப் போய்விட்டது. பெரியவர் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய், ஒரு சிகரெட் பற்றவைத்துக்கொண்டு, "அடுத்த தடவை பெரிய வலை" என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்து தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் பார்பலுக்குப் போவதில்லை. முள்ளை வலைக்குள் தண்ணீரிலேயே கழற்றிவிடுவேன், படம் வேண்டுமென்றால் ஈரப் பாயில் ஒன்று, அதற்கு முன் மீன் வலையிலேயே ஐந்து நிமிஷமாவது இளைப்பாறியிருக்க வேண்டும். பிடித்த மீனைத் தண்ணீரில் அடைத்து வைக்கிற கீப்நெட்டில் போடவே கூடாது, முதுகுத் துடுப்பின் முதல் முள் ரம்பம் மாதிரி இருக்கும், வலைக் கண்ணியில் மாட்டிக் கிழித்துக்கொள்ளும்.

அதனால் மாப்ள, அந்த லிங்க் எதுவும் அனுப்பாதே. என்னிடம் இரண்டு ராடு இருக்கிறது, பழையதை நீ எடுத்துக்கொள், ரீலோடு தருகிறேன். நீ வாங்க வேண்டியது 42 அங்குல வாயுள்ள வலை, ஆழமானது, கண்ணி மெத்தென்று இருக்கட்டும், அதோடு ஒரு பாய், ஒரு தெர்மாமீட்டர். ஜூன் 16 சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடு, ஹெம்ப் நான் வேகவைத்து வைக்கிறேன். லஞ்சன் மீட் மட்டும் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு வா, அக்காவிடம் காட்டாதே.